குறைமாதக் குழந்தையின் நுரையீரலும் மேரி எல்லன் ஏவரியும்: காரணம் தெரிந்த பிறகும் ஏன் முப்பது ஆண்டு?

வைகைக்கரை எழுதியது:

இந்த மருத்துவ வரலாறு பகுதியில் பென்சிலின், இன்சுலின், பெரியம்மை என்று பக்கம் பக்கமாகப் பேசியாகிவிட்டது. பிறந்த குழந்தையின் மூச்சு பற்றி ஓர் இழைகூட இல்லை. அதனால் மேரி எல்லன் ஏவரி பற்றித் தொடங்குகிறேன். ஆள் பெரிய ஆள்; நம் பக்கம் டாக்டர்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

1927இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கேம்டன் நகரில் பிறந்தார். பக்கத்து வீட்டுக்காரர் எமிலி பேக்கன் குழந்தை மருத்துவர். சிறுமியாக இருந்த ஏவரியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ஒரு குறைமாதக் குழந்தையைக் காட்டியவர் அவர்தான். வீட்டன் கல்லூரியில் வேதியியல் படித்து, 1952இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டாக்டர் பட்டம் வாங்கினார். தொண்ணூறு பேர் வகுப்பில் பெண்கள் நான்கு பேர். அந்தக் கல்லூரி 1893இல் திறந்தபோதே பெண்களைச் சேர்த்தாக வேண்டும் என்று பணம் கொடுத்த பெண்மணிகள் நிபந்தனை போட்டிருந்தார்கள். அதனால்தான் அந்த நான்கு இடமாவது கிடைத்தது.

படிப்பு முடிந்த கையோடு டிபி வந்துவிட்டது. வேலையை நிறுத்திவிட்டு ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று. நுரையீரல் மேல் ஆர்வம் வந்தது அப்போதுதான் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

அப்புறம் 1957இல் பாஸ்டன். ஹார்வர்டில் ஜெர் மீட் என்பவரின் ஆய்வகத்தில் நுரையீரல் எப்படி விரிகிறது, சுருங்குகிறது என்ற ஆராய்ச்சி. இன்னொரு பக்கம் பிரசவ மருத்துவமனையில் கண்ணெதிரே சாகும் குழந்தைகள். அந்த நோய்க்கு அப்போது ஹையலைன் மெம்பிரேன் நோய் என்று பெயர். குறைமாதத்தில் பிறந்த குழந்தை முதலில் அழும். சில மணி நேரத்தில் மூச்சு வாங்கும். இரண்டு மூன்று நாளுக்குள் ஒன்று தேறிவிடும், அல்லது போய்விடும். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குப் பத்தாயிரம் அளவில் குழந்தைகள் இதில் இறந்தார்கள்.

பிரேதப் பரிசோதனையில் காற்றுப்பைகளுக்குள் பளபளப்பான ஒரு படலம் தெரியும். எல்லோரும் அந்தப் படலத்தின் பின்னாலேயே போனார்கள். பனிக்குட நீரைக் குழந்தை உள்ளிழுத்துவிட்டதா? வேறு எதுவும் உள்ளே போய்விட்டதா? ஏவரியின் கண்ணில் பட்டது வேறு. மற்ற காரணங்களால் இறந்த குழந்தைகளின் நுரையீரலில் நுரை இருந்தது. இந்த நோயில் இறந்தவர்களின் நுரையீரலில் நுரையே இல்லை; ஒரு பொட்டுக் காற்றுகூட உள்ளே தங்கவில்லை. அதாவது, இருக்க வேண்டிய ஏதோ ஒன்று இல்லை.

அந்தச் சமயத்தில் மேரிலாந்தில் எட்ஜ்வுட் ராணுவ ரசாயன மையத்தில் ஜான் கிளெமென்ட்ஸ் என்பவர் நுரையீரல் சாற்றின் பரப்பு இழுவிசையை, அதாவது திரவத்தின் மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள இழுக்கும் விசையை, அளக்க ஒரு தராசு செய்து வைத்திருந்தார். 1957 இறுதியில் ஏவரி நேரே அவரிடமே போய்ப் பார்த்தார். திரும்பி வந்து தானும் அப்படி ஒன்றைக் கட்டினார். இறந்த குழந்தைகளின் நுரையீரல் சாற்றை அதில் அளந்தார். 1959இல் ஏவரி, மீட் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது: நோயில் இறந்தவர்களிடமும், மிகச் சிறிய எடையில் பிறந்தவர்களிடமும் இழுவிசை இறங்கவே இல்லை. அந்த இழுவிசையைக் குறைக்க நுரையீரலுக்குள் பூசப்பட்டிருக்க வேண்டிய சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் இன்னும் ஊறவில்லை.

1959இல் காரணம் தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் சர்ஃபாக்டன்ட் மருந்துக்கு முதல் அனுமதி கிடைத்தது 1990இல். இடையில் என்ன நடந்தது என்பதைப் பேசத்தான் இந்த இழை.


பிசிக்ஸ்வாத்தி எழுதியது:

நல்ல இழை. இயற்பியல் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பதினோராம் வகுப்பில் லாப்லாஸ் வாய்ப்பாடு நடத்துவோம். திரவப் பரப்புள்ள ஒரு கோளத்துக்குள் இருக்கும் மிகை அழுத்தம், இழுவிசையின் இரு மடங்கை ஆரத்தால் வகுத்தது. ஆரம் சிறுக்கச் சிறுக்க அழுத்தம் ஏறும். காற்றுப்பை ஈரமானது, மிகச் சிறியது. உள்ளே வெறும் தண்ணீர்ப் படலம் இருந்தால் மூச்சு விடும்போது சிறிய பைகள் மூடிக்கொள்ளும், அவற்றின் காற்று பெரிய பைகளுக்குப் போய்விடும். மூடிய பையை அடுத்த மூச்சில் திறப்பது, நனைந்த கேரி பேக்கின் ஒட்டிக்கொண்ட வாயைப் பிரிப்பது போலத்தான். இதை நிமிடத்துக்கு அறுபது தடவை, ஒரு கிலோ எடையுள்ள உடம்பு செய்ய வேண்டும்.

தண்ணீரின் இழுவிசை சுமார் 72 அலகு. சர்ஃபாக்டன்ட் படலம் அதைக் குறைக்கிறது என்பதோடு விஷயம் முடியவில்லை. சோப்புகூடக் குறைக்கும். இந்தப் படலத்தை நெருக்க நெருக்க இழுவிசை பூஜ்யம் பக்கம் போகும். விரித்தால் மறுபடி ஏறும். மூச்சு விடும்போது, பை மூடிக்கொள்ளப் போகிற நேரத்தில், அதைக் காப்பாற்றுகிறது. கிளெமென்ட்ஸின் தராசு இதைக் காட்டத்தான்: ஒரு தொட்டி, படலத்தை நெருக்கவும் விரிக்கவும் ஒரு நகரும் தடுப்பு, திரவத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு பிளாட்டினத் தகடு. பள்ளிக்கூட லேபில் செய்து பார்க்கக்கூடிய அளவு எளிமையான கருவி.

இன்னொரு சேதி. 1929லேயே ஃபான் நீர்கார்ட் என்பவர் பன்றியின் நுரையீரலைக் காற்றால் ஊதிப் பார்த்தார், பிறகு திரவத்தால் நிரப்பிப் பார்த்தார். திரவத்தால் நிரப்பக் குறைந்த அழுத்தமே போதுமாக இருந்தது. நுரையீரலின் எதிர்ப்பில் பெரும்பங்கு இழுவிசைதான் என்று அப்போதே எழுதிவிட்டார். யாரும் அதைச் சீந்தவில்லை.


மறுப்பாளன் எழுதியது:

வைகை அண்ணே, ஏவரி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கதையை ஒரே ஆள் தலையில் சுமத்துவது சரியில்லை.

முதலில், இங்கிலாந்தில் போர்ட்டன் டவுன் ராணுவ ஆய்வகத்தில் ரிச்சர்ட் பேட்டில் 1955லேயே, நுரையீரலிலிருந்து வரும் குமிழிகள் உடையாமல் நிற்பதைப் பார்த்து, உள்ளே ஒரு தனிப் பூச்சு இருக்கிறது என்று எழுதிவிட்டார். குறைமாதக் குழந்தைகளின் சிரமத்துக்கு இந்தப் பூச்சு இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பிற்பாடு ஒரு வரியும் சேர்த்தார். 1947இல் பீட்டர் குரூன்வால்ட் என்ற நோயியல் மருத்துவர், இறந்து பிறந்த குழந்தைகளின் நுரையீரலை ஆராய்ந்து, விரிய விடாமல் தடுப்பது பரப்பு இழுவிசைதான் என்றார். கிளெமென்ட்ஸ் 1957இல் அளந்தே காட்டினார். 1994இல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ விருதான லாஸ்கர் விருதை கிளெமென்ட்ஸுக்குத்தான் கொடுத்தார்கள். சும்மாவா?

இன்னொன்று. பேட்டில், கிளெமென்ட்ஸ் இருவரும் வேலை பார்த்த இடங்களைக் கவனியுங்கள். இரண்டும் ரசாயனப் போர் ஆய்வகங்கள். விஷவாயு நுரையீரலை என்ன செய்யும் என்று பார்க்கப் போட்ட பணம் அது. குழந்தை மருத்துவத்துக்கு ஒதுக்கிய நிதியிலிருந்து இது வரவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.


வைகைக்கரை எழுதியது:

மறுப்பாளன் தம்பி, நீங்கள் சொன்ன அத்தனையும் சரி. ஆனால் உங்கள் வரிசையையே மறுபடி பாருங்கள். நீர்கார்ட் 1929, குரூன்வால்ட் 1947, பேட்டில் 1955, கிளெமென்ட்ஸ் 1957. விடையின் துண்டுகள் முப்பது வருடமாகத் தனித்தனி அறைகளில் கிடந்தன. தராசு வைத்திருந்தவரிடம் குழந்தைகள் இல்லை. குழந்தைகளை வைத்திருந்தவர்களிடம் தராசு இல்லை. இரண்டு வாசலையும் தட்டியவர் ஏவரி. "இருக்கலாம்" என்று ஒரு வரி எழுதுவதற்கும், இறந்த குழந்தையின் நுரையீரலை எடுத்து அளந்து எண்ணாக எழுதுவதற்கும் இடையில் நிறைய தூரம் இருக்கிறது.

என்னைக் கேட்டால் அவருடைய திறமையே அதுதான்: அடுத்தவன் கதவைத் தட்டிக் கேட்பது. முப்பது வருடம் கழித்து 1987இல் மறுபடியும் அதையே செய்தார். அதற்கு அப்புறம் வருகிறேன்.

ராணுவப் பணம் பற்றிச் சொன்னது உண்மை. அதில் எனக்கு மறுப்பில்லை.


நைட்டியூட்டி எழுதியது:

பச்சிளங்குழந்தை வார்டில் செவிலியராக இருக்கிறேன். வாத்தியார் சார் சொன்ன லாப்லாஸை நாங்கள் வாய்ப்பாடாகப் படிப்பதில்லை, காதால் கேட்கிறோம்.

இந்தக் குழந்தைகள் முனகும். ஒவ்வொரு மூச்சு விடும்போதும் "ம்ங்… ம்ங்…" என்று ஒரு சத்தம். மூக்கு விடைக்கும், விலா உள்ளே இழுக்கும். புதிதாக வரும் பெண்கள், வலியில் முனகுகிறது என்று நினைப்பார்கள். குழந்தை தன் குரல்வளையைப் பாதி மூடி, காற்று முழுக்க வெளியே போகாமல் பிடித்துவைக்கிறது. பை மூடிக்கொண்டால் திறக்க முடியாது என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

1968இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஒரு குழு, தொண்டைக்குள் குழாய் போட்டு முனகலை நிறுத்தினால் குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது என்று காட்டியது. 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரகரி அதையே வெளியிலிருந்து செய்தார்: மூச்சு விடும்போதும் கொஞ்சம் அழுத்தம் தொடர்ந்து இருக்கும்படி வைத்தார். அதுதான் சிபாப். அவர் வெளியிட்ட முதல் இருபது குழந்தைகளில் பதினாறு பேர் பிழைத்தார்கள். சர்ஃபாக்டன்ட் மருந்து வருவதற்கு ரொம்ப முன்னால்!

எங்கள் வார்டில் இன்றைக்கும் பபிள் சிபாப் ஓடுகிறது. மூச்சு விடும் குழாயின் மறுமுனை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் பாட்டிலில் முங்கியிருக்கும். பாட்டிலில் குமிழி வருகிறதா என்று பார்ப்பதுதான் பாதி டியூட்டி.


ஆய்வுமாணவி எழுதியது:

அக்கா, அருமை. எனக்கு ஒரு கேள்வி. 1959இல் சர்ஃபாக்டன்ட் இல்லை என்று தெரிந்துவிட்டது. கொடுத்துப் பார்க்க வேண்டியதுதானே? ஏன் உடனே யாரும் செய்யவில்லை?

இன்னொன்று, கென்னடியின் மகன் இறந்தது இந்த நோயில்தானே?


வைகைக்கரை எழுதியது:

ஆமாம். பேட்ரிக் பூவியே கென்னடி, 1963 ஆகஸ்ட் 7, ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்கு மேல். பாஸ்டனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, உயர் அழுத்த ஆக்சிஜன் அறைக்குள் வைத்துப் பார்த்தார்கள். 39 மணி நேரத்தில் இறந்துவிட்டான். இன்று அந்த எடையில், அந்த வாரத்தில் பிறக்கும் குழந்தையைப் பற்றி எந்த வார்டிலும் பெரிதாகக் கவலைப்பட மாட்டார்கள். அமெரிக்க ஜனாதிபதியின் மகன், ஏவரியின் கட்டுரை வெளிவந்து நான்கு வருடம், அதே பாஸ்டன் நகரம். கையில் கொடுக்க ஒன்றுமில்லை.

கொடுத்துப் பார்த்தார்கள், மாணவி. 1960களிலேயே. சர்ஃபாக்டன்ட்டில் பெரும்பகுதி ஒரு வகைக் கொழுப்பு, லெசித்தின் இனத்தைச் சேர்ந்தது. அதை மட்டும் தனியாக எடுத்துப் புகைபோல ஆக்கி குழந்தைகளைச் சுவாசிக்க வைத்தார்கள். கிளெமென்ட்ஸே பங்கேற்ற குழு ஒன்று சிங்கப்பூரில் அப்படிச் செய்தது. சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. 1967இல் வந்த அவர்களுடைய கட்டுரை, நுரையீரலுக்கு ரத்தம் போதாததுதான் அடிப்படைக் கோளாறு என்கிற பக்கம் சாய்ந்துவிட்டது. சர்ஃபாக்டன்ட் கொள்கையே தப்போ என்று பலர் ஒதுங்கினார்கள்.

கொள்கை சரி, கொடுத்த பொருள்தான் பாதி. புகையாகக் கொடுத்தால் போதிய அளவு உள்ளே போய்ச் சேராது. கொழுப்பு மட்டும் இருந்தால் வேகமாகப் பரவாது. அதோடு சிறிதளவு புரதங்களும் வேண்டும். அந்தப் புரதங்கள் இன்னவை என்று தெரிய இன்னும் காலம் பிடித்தது.

1972இல் என்ஹோர்னிங், ராபர்ட்சன் இருவரும் முழுச் சர்ஃபாக்டன்ட்டை முயல் குட்டிகளின் மூச்சுக்குழாயில் நேராக ஊற்றிக் காட்டினார்கள். 1980இல் ஜப்பானில் தெட்சுரோ ஃபுஜிவாரா மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்துப் பக்குவப்படுத்தியதைப் பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். சில மணி நேரத்திலேயே எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிந்தது. இன்று வார்டுகளில் இருக்கும் மருந்துகள் பெரும்பாலும் மாடு, பன்றி நுரையீரலிலிருந்துதான் வருகின்றன.


தாமிரபரணி எழுதியது:

டாக்டர்கள் பேசும் இடத்தில் நுழைகிறேன், மன்னிக்கவும். என் இரண்டாவது பையன் சிசேரியனில் பிறந்தான். நிறைமாதம்தான். பிறந்ததும் மூச்சு ரொம்ப வேகம். என்ஐசியுவில் வைத்தார்கள். டிடிஎன் என்று சொன்னார்கள், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. இதுவும் நீங்கள் பேசும் நோய்தானா? அப்போது யாரும் விளக்கமாகச் சொல்லவில்லை. சின்னக் குழந்தைக்கு நுரையீரல் கோளாறு என்றதும் மாமியார் அழுத அழுகை இருக்கிறதே…


நைட்டியூட்டி எழுதியது:

தாமிரபரணி அக்கா, அது வேறு. கருவில் நுரையீரல் முழுக்கத் திரவம்தான் இருக்கும். பிரசவ வலி எடுக்கும்போதே அது உடம்புக்குள் உறிஞ்சப்பட ஆரம்பிக்கும். வலி எடுக்காமல் சிசேரியன் செய்தால் சில குழந்தைகளுக்கு அது தாமதமாகும். அதனால் வேகமூச்சு. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாக வடிந்துவிடும். பையனுக்குச் சர்ஃபாக்டன்ட் குறை இல்லை. தைரியமாக இருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், 1966இல் இதைத் தனி நோயாக முதலில் விவரித்ததும் ஏவரியின் குழுதான். அதுவரை இந்தக் குழந்தைகளையும் மற்ற நோயோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். உங்கள் பையனின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும் அந்த மூன்றெழுத்து அங்கிருந்து வந்தது.


தாமிரபரணி எழுதியது:

ஏழு வருடம் கழித்து இப்போதுதான் புரிந்தது. நன்றி தங்கச்சி. மாமியாருக்கும் படித்துக் காட்டுகிறேன்.


மறுப்பாளன் எழுதியது:

ஏவரியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு பலமான சேதி ஸ்டீராய்டு: குறைமாதப் பிரசவம் ஆகப்போகிற தாய்க்கு முன்கூட்டியே போட்டால் குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும் ஊசி. அதில் நாயகன் நியூசிலாந்தின் கிரகாம் லிக்கின்ஸ்.

ஆடுகளுக்குப் பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று பார்க்க, வயிற்றிலிருக்கும் குட்டிக்கு ஸ்டீராய்டு ஹார்மோன் கொடுத்துக்கொண்டிருந்தார். பிழைக்கவே முடியாத அளவு முன்னதாகப் பிறந்த ஒரு குட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் நுரையீரலில் காற்று இருந்தது. தேடிப் போனது ஒன்று, கிடைத்தது இன்னொன்று. 1969இல் எழுதினார். ஏவரியின் குழுவும் ஆட்டுக் கருவில் சோதித்து 1970இல் வெளியிட்டது.

1972இல் லிக்கின்ஸும் ராஸ் ஹௌவியும் ஆக்லாந்தில் 282 தாய்மாரிடம் செய்த ஆய்வு வந்தது. ஊசி போட்டவர்களின் குழந்தைகளில் மூச்சுத்திணறல் 9 சதவீதம், போடாதவர்களில் 25.8. இவ்வளவு மலிவான ஊசி, இவ்வளவு பெரிய வித்தியாசம். ஆனால் அமெரிக்காவில் எல்லோரும் போடுங்கள் என்று தேசிய சுகாதார நிறுவனம் குழு கூட்டிச் சொன்னது 1994இல். இருபத்திரண்டு வருடம்! இழையின் தலைப்பில் கேட்டிருக்கும் முப்பதை விட இது மோசம் என்பேன். சர்ஃபாக்டன்ட்டுக்காவது தயாரிப்புச் சிக்கல் இருந்தது. இது மருந்துக்கடையில் கிடைத்தது.


ஆய்வுமாணவி எழுதியது:

அதற்கு ஏன் தாமதம்? பயமா?


வைகைக்கரை எழுதியது:

பயம் ஒரு காரணம். கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடோமைடு மருந்தால் குழந்தைகள் ஊனத்தோடு பிறந்த கொடுமை நடந்து பத்து வருடம்போலத்தான் ஆகியிருந்தது. கர்ப்பிணிக்கு எதைக் கொடுக்கவும் கை நடுங்கிய காலம். எனக்குப் படுவது இன்னொன்று. ஊசி போடுபவர் மகப்பேறு மருத்துவர். பலனைப் பார்ப்பவர் குழந்தை மருத்துவர். பழி வந்தால் முதல் ஆளுக்கு, புகழ் இரண்டாவது ஆளுக்கு. சின்னச் சின்ன ஆய்வுகள் பல நடந்தும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பின்னால் அவற்றைச் சேர்த்துக் கணக்கிட்ட படம்தான், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் சின்னத்துக்குள்ளேயே இருக்கிறது.

சரி, 1987க்கு வருகிறேன். அதற்குள் ஏவரி எங்கெங்கோ போய்விட்டார். 1969இல் மாண்ட்ரியல். 1974இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை மருத்துவர், அந்தப் பதவியில் முதல் பெண். ஹார்வர்டில் பெரிய மருத்துவத் துறை ஒன்றுக்குத் தலைவரான முதல் பெண்ணும் அவரே. 1991இல் தேசிய அறிவியல் பதக்கம். பதவிகளைப் பற்றி நீட்டி எழுத எனக்கு ஆசையில்லை, தேடினால் கிடைக்கும்.

அறுபதை நெருங்கும் வயதில் அவர் கேட்ட கேள்விதான் பிடித்தது. வென்டிலேட்டர் வந்து குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் பலருக்கு அந்த அழுத்தமும் ஆக்சிஜனுமே நுரையீரலைக் கெடுத்து, மாதக்கணக்கில் ஆக்சிஜனோடு கிடந்தார்கள். 1967லேயே ஸ்டான்ஃபோர்டில் நார்த்வே இதை விவரித்திருந்தார். இந்த நாள்பட்ட நோய் எல்லா ஊரிலும் ஒரே அளவில் வருகிறதா? ஏவரியும் கூட்டாளிகளும் எட்டு மருத்துவமனைகளின் கணக்கை வாங்கி ஒப்பிட்டார்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனையில் மட்டும் தனியாகக் குறைவு. அதற்காக இறப்பு அங்கே கூடவும் இல்லை. அங்கே ஜென் தியென் வங் என்ற மயக்கவியல் மருத்துவர், பிறந்தவுடனே மூக்கில் சிபாப் வைத்து, தொண்டைக்குழாயை முடிந்தவரை தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்.

தன் துறையே வென்டிலேட்டரைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, குறைவாகத் தலையிட்ட இடம்தான் முன்னால் நிற்கிறது என்று அந்தத் துறையின் மூத்தவர் பெயர் போட்டு எழுதினார். எனக்கு இது 1959 கட்டுரைக்கு நிகர்.


மறுப்பாளன் எழுதியது:

கொஞ்சம் நிதானம். எட்டு இடங்களை ஒப்பிட்டது கருத்துக்கு வித்து, நிரூபணம் ஆகாது. 2008இல் வந்த காய்ன் ஆய்வில், பிறந்ததும் சிபாப் வைத்தவர்களுக்கும் குழாய் போட்டவர்களுக்கும் இறப்பு அல்லது நாள்பட்ட நோய் என்ற முக்கியக் கணக்கில் உறுதியான வித்தியாசம் இல்லை. சிபாப் குழுவில் நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவு 9 சதவீதம், மற்றதில் 3. சிபாப்பை மந்திரம் ஆக்க வேண்டாம்.


நைட்டியூட்டி எழுதியது:

மந்திரம் இல்லை சார், ஒத்துக்கொள்கிறேன். மாஸ்க் சரியாக உட்காராவிட்டால் மூக்குத் தண்டே புண்ணாகிவிடும். ஆனால் அந்த ஆய்வில் சிபாப் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் ஐந்து நாளில் குழாயே தேவைப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு குப்பி சர்ஃபாக்டன்ட் பல ஆயிரம் ரூபாய் விற்கிற ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. இப்போது மெல்லிய குழாய் வழியாக, குழந்தை தானே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே மருந்தைக் கொடுக்கிறோம். இரண்டு பக்கமும் சேர்ந்த வழி அது.


ஆய்வுமாணவி எழுதியது:

கடைசியாக ஒன்று. ஸ்டீராய்டு ஊசி ஏழை நாடுகளில் கெடுதல் செய்கிறது என்று 2015இல் ஒரு பெரிய ஆய்வு வந்ததே? அப்படியென்றால் லிக்கின்ஸ் கண்டது நமக்குப் பொருந்தாதா?


வைகைக்கரை எழுதியது:

அந்த ஆய்வு இந்தியா உள்பட ஆறு நாடுகளில் நடந்தது. கிராமம் வரைக்கும் ஊசியைக் கொண்டுபோனார்கள். சிறிய குழந்தைகளுக்குப் பலன் தெரியவில்லை. மொத்தத்தில் குழந்தை இறப்பு சற்றுக் கூடியது. ஊசி வாங்கிய பல தாய்மாருக்குக் குறைமாதப் பிரசவமே ஆகவில்லை. வாரக்கணக்கு சரியாகத் தெரியாத இடத்தில் யாருக்குப் போடுவது?

பிறகு உலக சுகாதார நிறுவனம் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியாவில், ஓரளவு வசதியுள்ள மருத்துவமனைகளில், ஸ்கேனில் வாரம் பார்த்து டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துச் சோதித்தது. 2020இல் முடிவு வந்தது. பச்சிளங்குழந்தை இறப்பு ஊசி போட்டவர்களில் 19.6 சதவீதம், போடாதவர்களில் 23.5. ஆகப் பொருந்தும். எங்கே, யாருக்கு, எத்தனையாவது வாரத்தில் என்பது தெரிந்திருக்க வேண்டும்.


நைட்டியூட்டி எழுதியது:

இதைப் படிக்கும் கர்ப்பிணிகள் யாராவது இருந்தால்: முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தொலைக்காதீர்கள். வாரம் கணக்கிட அதைவிட நம்பகமானது பின்னால் எடுக்கும் எந்த ஸ்கேனிலும் கிடைக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு வலியோடு வந்தால் நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான்.